வெஸ்ட் உரக்கிடங்கு வெடிப்பு, 2013: விதி எட்டாத ஒரு மரக் கட்டடம்

2013 ஏப்ரல் 17, புதன்கிழமை மாலை 7:29 மணி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வேக்கோ நகருக்கு வடக்கே உள்ள வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக்கிடங்கு தீப்பிடித்துவிட்டதாக அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தது. 7:51க்கு அந்தக் கிடங்கு வெடித்தது. இடையில் இருந்தது வெறும் 22 நிமிடம். இறந்தவர்கள் 15 பேர். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள். 260 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். கிடங்குக்கு வெளியே 150க்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. அவற்றில் பாதிக்கு மேல் இடித்துக் கட்ட வேண்டிய நிலை. ஊரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 2,800தான்.

அபாயப் பொருள் கிடங்குகளுக்கான தீப் பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசும்போது இந்த நிகழ்வைத் தொடாமல் போக முடியாது. காரணம் வெடிப்பின் அளவு அல்ல. இதைவிடப் பெரிய வெடிப்புகள் உண்டு. 2020இல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. வெஸ்ட்டில் வெடித்தது சுமார் 30 டன். ஆனால் வெஸ்ட்டில் ஒரு சாதாரணக் கிடங்கு, சாதாரண வியாபாரம், தெரிந்த பொருள். அதை எப்படி வைக்க வேண்டும் என்பது பல காலமாக எழுத்தில் இருந்தது. எழுதியது எதுவும் அந்தக் கட்டடத்தை வந்து சேரவில்லை. தீயைத் தாங்க வேண்டிய கட்டடம் தாங்காததால், அந்தப் பாரம் மனிதர்கள் மேல் விழுந்தது. இந்த ஆய்வு முழுக்க நான் சொல்ல வருவது அதைத்தான்.

கிடங்கும் சரக்கும்

வெஸ்ட் ஃபெர்டிலைசர் நிறுவனத்தின் கிடங்கு 1960களின் தொடக்கத்தில் கட்டியது. மரச்சட்டக் கட்டடம், கூரைக்கு அஸ்பால்ட் (தார் கலந்த) ஓடு. சுற்றுவட்டார விவசாயிகளுக்கு உரம், விதை, மற்ற இடுபொருட்கள் விற்பதுதான் தொழில். அம்மோனியம் நைட்ரேட் உரத்தை மூட்டை கட்டாமல், பிளைவுட் பலகை அடித்த மரத் தொட்டிகளில் குவியலாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அன்று அங்கே இருந்தது 40 முதல் 60 டன் வரை. அதே கூரையின் கீழ் விதைக் கிடங்கும் இருந்தது. தீப்பிடித்தால் மேலிருந்து தானாகவே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. புகையையோ வெப்பத்தையோ உணர்ந்து மணியடிக்கும் கருவியும் கிடையாது.

பக்கத்தில் நிறுத்தியிருந்த ரயில் பெட்டியில் இன்னும் சுமார் 100 டன் உரம் இருந்தது. வெடிப்பின் அதிர்ச்சியில் பெட்டி கவிழ்ந்தது, ஆனால் சரக்கு வெடிக்கவில்லை. வளாகத்திலேயே இருந்த நீரற்ற அம்மோனியா தொட்டிகளும் தப்பின. இவை இரண்டில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் பலி எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஒரு தொட்டியின் பலகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அம்மோனியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்பு. ஈரம் பட்டால் கரையும், காய்ந்தால் மறுபடி படியும். ஆண்டுக்கணக்கில் இந்த உப்போடு ஒட்டியே இருக்கும் மரப்பலகையின் நாரிடுக்குகளில் அது ஊறி இறங்கிவிடும். மரம் எரிபொருள், உள்ளே ஊறியிருக்கும் உப்போ ஆக்சிஜனைக் கொடுக்கும் பொருள். இரண்டும் ஒரே பலகைக்குள். இப்படி உப்பு ஊறிய மரம் பற்றிக்கொண்டால் வெறும் மரத்தைப் போல எரியாது. வேகமாகவும் அதிகச் சூட்டோடும் எரியும். பழைய விதியிலேயே இதற்கு ஒரு வாசகம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உரம் எப்படி வெடித்தது

அம்மோனியம் நைட்ரேட் தானாக எரியாது. சாதாரணமாகக் கையாளும்போது நிலையான பொருள்தான். அதனால்தான் உலகம் முழுக்க மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆபத்து மூன்று வழிகளில் வரும்: கடும் வெப்பம், எரிபொருளோடு கலப்பு, வெளியேற வழியில்லாமல் அடைபடுவது. சுமார் 170 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு மேலும் சூடானால் சிதைந்து வாயுக்களை விடும். அந்தத் திரவத்தில் எண்ணெய், கரி, தார் மாதிரி ஏதாவது கலந்துவிட்டால் வெடிக்கும் தன்மை பல மடங்கு ஏறிவிடும். ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கும் பொருள் என்பதால் காற்றை மூடி அணைக்கும் வழிகள் இதனிடம் பலிக்காது. ஏராளமான தண்ணீர், அதுவும் ஆரம்பத்திலேயே, அது ஒன்றுதான் வழி.

வெஸ்ட்டில் கூரை எரிந்தது. அஸ்பால்ட் ஓடு உருகிச் சொட்டும், புகைக்கரி படியும், கீழே திறந்த குவியல். மேற்பரப்பு உருகி, கரியும் தாரும் கலந்து, வெப்பம் ஏற ஏற வெடிநிலைக்கு வந்திருக்கலாம் என்பது வேதி விபத்துகளை ஆராயும் அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் முன்வைத்த சாத்தியங்களில் ஒன்று. தீப்பட்ட தொட்டிச் சுவரை ஒட்டி வெடிப்பு தொடங்கியிருக்கலாம், அல்லது உரத்தைத் தூக்கும் எலிவேட்டரின் குழியில் சேர்ந்த பொருளில் தொடங்கியிருக்கலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள். எது நடந்திருந்தாலும் மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: எரியக்கூடிய கட்டடம். கான்கிரீட் தொட்டியும் எரியாத கூரையும் இருந்திருந்தால் இந்த மூன்று கதைக்கும் அடித்தளமே இல்லை.

தீ எப்படித் தொடங்கியது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. மின்கம்பி அமைப்பு, அங்கே நின்ற கோல்ஃப் வண்டியின் பேட்டரி, யாராவது வைத்த தீ என்று மூன்று சாத்தியங்கள் முதலில் பேசப்பட்டன. 2016 மே மாதம் ஏடிஎஃப் புலனாய்வு அமைப்பு இது வேண்டுமென்றே வைத்த தீ என்று அறிவித்தது. அந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. குற்ற விசாரணைக்கு இது முக்கியமான கேள்விதான். கிடங்கு விதிகளைப் பொறுத்தவரை, பொறி எங்கிருந்தும் வரும் என்று எடுத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். கம்பியிலிருந்தா, கையிலிருந்தா என்பதைப் பொறுத்து சுவரின் தேவை மாறாது.

எந்த விதி எங்கே நின்றது

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் தொழிலாளர் பாதுகாப்பு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவிடம் அம்மோனியம் நைட்ரேட் சேமிப்புக்கு 1970களின் தொடக்கத்திலிருந்தே விதி உண்டு. குவியல் எவ்வளவு உயரம் இருக்கலாம், உள்ளே கொண்டுவரும்போது உரம் எவ்வளவு சூடாக இருக்கலாம் என்றெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. எரியக்கூடிய கரிமப் பொருட்களிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி வை, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர் எழுப்பு என்றும் சொல்கிறது. தொட்டியைப் பற்றியும் சொல்கிறது: உப்பு ஊறாதபடி பாதுகாத்த மரத் தொட்டி என்றால் அனுமதி உண்டு. பலகையின் கதையை அந்தக் காலத்திலேயே தெரிந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'மரம் வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பாதுகாத்த மரம் போதும்' என்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதுகாப்பு பத்தாண்டு கழித்தும் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

அதே விதியில் ஸ்பிரிங்க்ளர் பற்றிய வரம்பு இன்னும் வியப்பானது. மூட்டையாக அடுக்கினால் 2,500 டன் வரை ஸ்பிரிங்க்ளர் இல்லாத கட்டடத்தில் வைக்கலாம். வெஸ்ட்டில் வெடித்தது சுமார் 30 டன்தான். அதற்கு எண்பது மடங்குக்கு மேல் இருக்கிறது அந்த வரம்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் விதி இருந்த இடம். உரத்தைப் பற்றிய இந்த வரிகள் 'வெடிபொருட்கள்' என்று தலைப்பிட்ட விதிக்குள் ஒரு உட்பிரிவாகக் கிடந்தன. விதையும் உரமும் விற்கும் ஒரு வியாபாரி தன்னை வெடிபொருள் வியாபாரி என்று நினைத்துக்கொள்வாரா? அது தனக்கும் பொருந்தும் என்பதே உர வணிகத்தில் பலருக்குத் தெரியவில்லை என்று வேதிப் பாதுகாப்பு வாரியம் பதிவு செய்தது. விதித்தொகுப்பு எழுதுகிறவர்கள் இதை ஆழ்ந்து யோசிக்க வேண்டும். கடைப்பிடிக்க வேண்டியவர் தேடுகிற இடத்தில் விதி இல்லாவிட்டால், அது எவ்வளவு நல்ல விதியாக இருந்தும் பயனில்லை.

சரி, ஆய்வாளர்களாவது வந்தார்களா? ஓஷா அந்த வளாகத்துக்குக் கடைசியாக ஆய்வுக்கு வந்தது 1985இல். அப்போது அம்மோனியா சேமிப்புக் குறைபாட்டுக்கு விதித்த அபராதம் 30 டாலர். அடுத்த முறை வந்தது வெடிப்புக்குப் பிறகு. 24 குறைபாடுகள், 1,18,300 டாலர் அபராதம். நடுவே 28 ஆண்டுகள். இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

இரண்டாவது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ. ஆபத்தான வேதிப்பொருள் வைத்திருப்பவர்கள் மிக மோசமான விபத்து எப்படி இருக்கும் என்று கணித்துத் திட்டம் தர வேண்டும். வெஸ்ட் நிறுவனமும் தந்தது, ஆனால் அம்மோனியா வாயுவுக்கு மட்டும். அம்மோனியம் நைட்ரேட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தீ, வெடிப்பு என்ற பேச்சே அந்தத் திட்டத்தில் எழவில்லை. பொய் எழுதியதாகச் சொல்ல முடியாது; கேள்வித்தாளில் இல்லாத கேள்விக்கு விடையும் இல்லை. ஊர்க்காரர்களும் தீயணைப்புப் படையும் பல ஆண்டுகளாக அம்மோனியா கசிவைப் பற்றியே கவலைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதுதான் நேரடியாகத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பு. அபாயப் பொருட்களுக்காக தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 400 என்ற தொகுப்பு 2010இலேயே வந்துவிட்டது. அதில் அம்மோனியம் நைட்ரேட்டுக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அந்தச் சங்கம் அரசு அல்ல. அது எழுதுவது மாதிரி விதி. ஒரு மாநிலமோ மாவட்டமோ நகரமோ அதை ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது கட்டுப்படுத்தும். டெக்சாஸில் மாநிலம் முழுவதற்குமான தீ விதித்தொகுப்பு கிடையாது. மாவட்டங்களில் 2,50,000க்கு மேல் மக்கள்தொகை உள்ளவையும் அவற்றை ஒட்டிய மாவட்டங்களும் மட்டுமே விதித்தொகுப்பை ஏற்கலாம். அதுவும் விருப்பம் இருந்தால். வெஸ்ட் அமைந்த மெக்லென்னன் மாவட்டம் எதையும் ஏற்கவில்லை.

ஆக, விதித்தொகுப்பின்படி அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து 'இந்தத் தொட்டியை மாற்று' என்று சொல்லும் அதிகாரம் உள்ளூரில் யாரிடமும் இல்லை.

கவனித்த ஒருவர் உண்டு என்றால் அது காப்பீட்டு நிறுவனம்தான். சொன்ன திருத்தங்களை நிறைவேற்றவில்லை என்று முன்பு காப்பீடு கொடுத்த நிறுவனம் விலகிக்கொண்டது. பிறகு வேறொரு நிறுவனத்திடம் எடுத்திருந்த பொறுப்புக் காப்பீடு, அதாவது பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு, 10 லட்சம் டாலர். காப்பீடு சார்ந்த இழப்பு மட்டுமே 23 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது.

அந்த 22 நிமிடம்

வந்தவர்கள் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்கு ஒன்று என்றால் ஓடிவருபவர்கள். தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் ஹைட்ரன்ட் குழாய்களில் அருகில் இருந்ததே கால் மைலுக்கும் அப்பால். குழாயை இழுத்துக்கொண்டிருந்தபோதே தீ கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது.

இந்த நிறுவனம் 2012ஆம் ஆண்டுக்கான இருப்புப் பட்டியலில் 270 டன் வரை அம்மோனியம் நைட்ரேட் வைத்திருக்கக்கூடும் என்று மாநில அரசிடம் எழுதிக் கொடுத்திருந்தது. தகவல் இருந்தது. ஆனால் ஒரு படிவத்தில் இருக்கும் எண்ணுக்கும், 'இந்தக் கட்டடம் எரிந்தால் கிட்டே போகாதே' என்று ஒரு வீரர் மனத்தில் பதிந்திருக்கும் அறிவுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. உர அம்மோனியம் நைட்ரேட் தீயைப் பற்றிப் போதுமான பயிற்சி அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. போக்குவரத்துத் துறையின் அவசரகாலக் கையேடு, இந்த வகைப் பொருள் ஏற்றிய ரயில் பெட்டியோ தொட்டியோ தீயில் சிக்கினால் எல்லாப் பக்கமும் 800 மீட்டர் வரை ஒதுக்கச் சொல்கிறது. வீரர்கள் நின்றது கட்டடத்துக்குப் பக்கத்தில்.

அவர்களுடைய தைரியத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டடத்தில் தீயை உணரும் கருவி இருந்திருந்தால் அழைப்பு முன்பே வந்திருக்கும். ஸ்பிரிங்க்ளர் இருந்திருந்தால் முதல் தண்ணீர் அவர்கள் வருவதற்கு முன்பே விழுந்திருக்கும். தொட்டி எரியாததாக இருந்திருந்தால் குவியலுக்குச் சூடு ஏற நேரம் எடுத்திருக்கும். வாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகையும் கையில் ஒரு முன்திட்டமும் இருந்திருந்தால் அவர்கள் தள்ளி நின்றிருப்பார்கள். இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாத இடத்தில்தான் அவர்களைத் தைரியத்தோடு நிற்க விட்டோம்.

இதே மாநிலத்தின் வேறு இரண்டு தீ விபத்துகள் இதைத் தெளிவாக்கும். 2009 ஜூலையில் பிரையன் என்ற ஊரில் ஒரு உர நிறுவனத்தின் அம்மோனியம் நைட்ரேட் கிடங்கு எரிந்தது. தீயை எரியவிட்டு 80,000க்கு மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். வெடிக்கவில்லை. 2014 மே மாதம், வெஸ்ட்டுக்கு ஓராண்டு கழித்து, ஏதன்ஸ் என்ற ஊரில் மறுபடி ஒரு மரக் கட்டட உரக்கிடங்கு தீப்பிடித்தது. வீரர்கள் உடனே பின்வாங்கி, சுற்றுப்பகுதியைக் காலி செய்தார்கள். கட்டடம் எரிந்து விழுந்தது. வெடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. இரண்டிலும் மனிதர்கள் சரியாக நடந்துகொண்டார்கள். அதே சமயம் இரண்டிலும் அதிர்ஷ்டமும் இருந்தது: அதே பொருள் ஒரு இடத்தில் எரிந்து முடிகிறது, இன்னொரு இடத்தில் 22 நிமிடத்தில் வெடிக்கிறது. எது எப்போது நடக்கும் என்று வாசலில் நின்று கணிக்க யாராலும் முடியாது. அதனால்தான் என்எஃப்பிஏ போன்ற தொகுப்புகள் இன்று, தீ உரக் குவியலை எட்டிவிட்டால் அணைக்கப் போகாமல் விலகிப் போகும்படி சொல்கின்றன.

கிடங்கை நெருங்கிய ஊர்

கிடங்கு கட்டியபோது சுற்றிலும் பெரும்பாலும் வெட்டவெளி. ஊர் மெல்ல அதை நோக்கி வளர்ந்தது. 2013இல் 450 அடி தூரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, 550 அடி தூரத்தில் பள்ளி, சுமார் 600 அடியில் முதியோர் இல்லம். வெடித்த இடத்தில் 90 அடிக்கும் மேல் அகலமான பள்ளம் விழுந்தது, நிலநடுக்கமானிகளில் 2.1 அளவு பதிவானது. பள்ளி பெருமளவு சிதைந்தது. மாலை நேரம் என்பதால் உள்ளே பிள்ளைகள் இல்லை. ஆறு மணி நேரம் முன்னால் நடந்திருந்தால் என்ற கேள்வியை அந்த ஊர்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்டிருப்பார்கள்.

கட்டட விதி பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேதான் பார்க்கிறது: சுவர், கூரை, கதவு, குவியலின் உயரம். கட்டடத்துக்கும் பள்ளிக்கும் நடுவிலான தூரம் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின் கையில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். பள்ளிக்கு அனுமதி கொடுத்தவர் கிடங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிடங்குக்கு வரும் ஆய்வாளர் பள்ளியைப் பார்க்க வேண்டியதில்லை. வெஸ்ட் தனித்த ஊரும் அல்ல. டெக்சாஸில் கணிசமான அளவு உர அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்த 40 இடங்களை வேதிப் பாதுகாப்பு வாரியம் பார்த்தபோது, 19 இடங்கள் ஒரு பள்ளி, மருத்துவமனை அல்லது முதியோர் இல்லத்துக்கு அரை மைலுக்குள் இருந்தன.

பிறகு மாறியவை

2013 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா வேதித் தொழிற்கூடப் பாதுகாப்பு குறித்து ஒரு ஆணை பிறப்பித்தார். அதே மாதம் மூன்று அமைப்புகள் சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் சேமிப்பு பற்றிய எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டன. 2015இல் டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது: எரியக்கூடிய பொருட்களிலிருந்து 30 அடி விலக்கி வைக்க வேண்டும், தீயணைப்பு அதிகாரிகள் உள்ளே சென்று ஆய்வு செய்யலாம். ஓஷாவின் பழைய விதியில் இருந்த அதே 30 அடி. அது ஒரு உரக்கிடங்கு உரிமையாளரின் கண்ணில் படும் இடத்துக்கு வந்து சேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

உண்மையான மாற்றம் என்று நான் கருதுவது என்எஃப்பிஏ 400இன் 2016 பதிப்பு. புதிய கிடங்குகளுக்கு எரியாத கட்டுமானத்தைக் கேட்டது, ஸ்பிரிங்க்ளர், தீ உணரும் அமைப்பு பற்றிய விதிகளைக் கடுமையாக்கியது. பழைய கட்டடங்களையும் அது விட்டுவிடவில்லை. இந்தக் கடைசி அம்சம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வழக்கமாகப் புதிய விதி புதிய கட்டடத்தோடு நின்றுவிடும், பழையது பழையபடியே நிற்கும். வெஸ்ட் கிடங்கு ஐம்பது வயதுக் கட்டடம். புதியவற்றுக்கு மட்டும் விதி எழுதினால் அடுத்த வெஸ்ட் அந்த விதிக்கு வெளியேதான் இருக்கும்.

ஆனால் இந்தப் பதிப்பும் மாதிரி விதிதான். ஏற்ற ஊரில் சட்டம், ஏற்காத ஊரில் காகிதம். இபிஏவின் விபத்துத் திட்டப் பட்டியலில் அம்மோனியம் நைட்ரேட்டைச் சேர்க்க வேண்டும் என்று வேதிப் பாதுகாப்பு வாரியம் தன் 2016 அறிக்கையில் பரிந்துரைத்தது. அதற்குப் பின் இபிஏ அந்த விதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்திவிட்டது. 2024இல் வந்த திருத்தத்திலும் அம்மோனியம் நைட்ரேட் பட்டியலுக்குள் வரவில்லை.